மாதாவின் மாலையில் ஐந்தாவது காசு

ஸ்பானிய வெள்ளிக் காசு ஒன்றைக் கையில் கொடுத்தவுடன் ராஜாவின் முகத்தைப் பார்க்கிறவர்களைக் கண்டால் எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வரும். அச்சு வெட்டத் தெரிந்த எந்தக் கள்ளனும் ஒரு ராஜாவைச் செய்துவிடுவான். விளிம்பைச் செய்வதுதான் கஷ்டம்.

நான் லண்டனில் ஒரு ஏல நிறுவனத்தின் காசுப் பிரிவில் வேலை செய்து ஓய்வு பெற்றவள். நிறுவனத்தின் பெயரை எழுதப் போவதில்லை. நல்லது சொன்னால் விளம்பரம் என்பார்கள், கெட்டது சொன்னால் வக்கீல் வருவான். இப்போது அங்கே வேலை செய்கிற பிள்ளைகள் சிலர் அண்மையில் என்னைத் தேநீருக்குக் கூப்பிட்டார்கள். சந்தை முத்திரைக் குத்து விழுந்த ஸ்பானிய டொலர்களை வாங்க இப்போது அடிபடுகிறார்களாம். "அந்தக் காலத்தில் இவற்றைப் பழுது என்று எழுதி மலிவாகத் தள்ளினீர்களாமே, ஏன்?" என்று கேட்டார்கள். என்னையும் சேர்த்துச் சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. நான் அப்படி எழுதவில்லை. என் மேலதிகாரி மிஸ்டர் பார்கினும் எழுதவில்லை. அதைச் சொல்வதற்குத்தான் இது.

முதலில் காசைப் பற்றி, தெரியாதவர்களுக்காக. ஸ்பானியர்கள் மெக்சிக்கோவிலும் பெருவிலும் மலையைக் குடைந்து வெள்ளி எடுத்தார்கள் என்று புத்தகங்களில் இருக்கும். குடைந்தவர்கள் ஸ்பானியர்கள் அல்ல. அந்த நாட்டுச் சனத்தைப் பிடித்துக் கொண்டுபோய் உள்ளே இறக்கினார்கள். எத்தனை பேர் மேலே திரும்பி வரவில்லை என்று காசில் எழுதியிருக்காது. அந்த வெள்ளியில் அடித்த பெரிய காசுதான் ஸ்பானிய டொலர். ஒரு பக்கம் ராஜாவின் தலை, மறுபக்கம் இரண்டு தூண்களும் நடுவில் ஒரு கேடயமும். உள்ளங்கையை நிரப்பும். ஒரு வழியாகப் பசிபிக் கடலைக் கடந்து மணிலாவுக்குப் போய்ச் சீனப் பட்டுக்கு விலையானது. மற்ற வழியாக ஸ்பெயினுக்கு வந்து, லண்டன் வியாபாரிகளின் கைக்கு மாறி, தேயிலைக்கும் இந்தியத் துணிக்கும் விலையாகக் கிழக்கே கப்பலேறியது. அமெரிக்கர்கள் தங்கள் டொலரை இதைப் பார்த்துத்தான் அடித்தார்கள். இங்கிலாந்துக்கே ஒரு காலத்தில் வெள்ளிக்குத் தட்டுப்பாடு வந்தபோது ஸ்பானிய ராஜாவின் கழுத்தில் தங்கள் ராஜாவின் தலையைப் பொட்டு மாதிரிக் குத்தி, வெட்கமில்லாமல் கடையில் செலவழித்தார்கள். ஒருவனை ஒருவன் நம்பாத சந்தைகளில் எல்லாரும் இந்தக் காசை வாங்கினார்கள். எனக்கு ராஜாக்கள்மேல் மரியாதை இல்லை. அந்தக் காசின்மேல் இருக்கிறது.

எண்பத்து நாலில் நான் லண்டனுக்கு வந்தேன். மானிப்பாயில் ஒரு பள்ளிக்கூடத்து ரசாயன ஆய்வுகூடத்தில் உதவியாளராக இருந்தவள். அந்த நிறுவனத்தில் முதலில் தரை துடைத்தேன், பிறகு பொதி கட்டினேன். நிறுவை மேசையில் இருந்தவர் வேலையை விட்டுப் போனபோது மிஸ்டர் பார்கின் என்னிடம் வந்து, "தராசு தெரியுமா?" என்றார். தெரியும் என்றேன். "தண்ணீரில் நிறுக்க?" அதுவும் தெரியும் என்றேன். அடுத்த திங்கட்கிழமை அந்த மேசை எனக்கு வந்தது. நான் பயின்ற காலத்தைப் பற்றி இதற்குமேல் எழுத ஒன்றும் இல்லை.

தண்ணீரில் நிறுப்பது மந்திரம் அல்ல. காசை மெல்லிய நூலில் கட்டித் தராசில் தொங்கவிட்டு முதலில் வெளியே நிறுக்க வேண்டும். பிறகு ஒரு கண்ணாடிக் கிண்ணத்துத் தண்ணீருக்குள் முழுதாக அமிழ வைத்து நிறுக்க வேண்டும். நிறை எவ்வளவு குறைகிறது என்பதை வைத்து உள்ளே இருப்பது வெள்ளியா, வெள்ளி பூசிய செம்பா என்று தெரிந்துவிடும். காசில் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் கணக்குப் பிழைக்கும். அதனால் இறக்கு முன் காசை ஈரத் தூரிகையால் தடவ வேண்டும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிவராது. நான் கோபக்காரி, ஆனால் அவசரக்காரி அல்ல. இரண்டும் ஒன்று என்று நினைக்கிறவர்கள் நிறையப் பேர்.

மிஸ்டர் பார்கின் யோர்க்ஷயர்காரர். நெட்டையான மனிதர். கோடையிலும் ஒரே மண்ணிறக் கம்பளிச் சட்டைதான். அவர் வாயிலிருந்து "நல்லது" என்ற சொல்லை நான் ஒருநாளும் கேட்டதில்லை. ஒரு காசைப் பற்றி நாம் சொன்னது சரியென்றால் அடுத்த காசை நம் பக்கம் தள்ளுவார். பிழையென்றால் அதே காசைத் திரும்பத் தள்ளிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பார். கத்துகிற மேலதிகாரி என்றால் எனக்குப் பயமில்லை, நானும் கத்துவேன். காத்திருக்கிறவரை என்ன செய்ய முடியும்?

அவர் காசு பார்க்கும் விதத்தை எழுதியே ஆக வேண்டும். காசைப் பெருவிரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் பிடித்து, முகத்தைத் தன் உள்ளங்கைப் பக்கம் திருப்பி மறைத்துக்கொள்வார். விளிம்பை மட்டும் ஜன்னல் வெளிச்சத்தில் மெதுவாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றுவார். ஸ்பானிய டொலரின் விளிம்பில் வட்டம், நீள்சதுரம், வட்டம், நீள்சதுரம் என்று சங்கிலி மாதிரி ஒரு வேலைப்பாடு ஓடும். காசை இரண்டு சட்டங்களுக்கு நடுவில் உருட்டி அதைப் பதித்தார்கள். ஒவ்வொரு சட்டமும் பாதிச் சுற்றைப் பதிக்கும். அதனால் சங்கிலி ஒன்றோடொன்று முட்டுகிற இடம் இரண்டு இருக்கும், நேரெதிரே. அங்கே வட்டமும் சதுரமும் ஒன்றின்மேல் ஒன்று ஏறிக் குழம்பியிருக்கும். அந்தக் குழப்பம் இருந்தால் நல்ல காசு. கள்ளக் காசு செய்தவர்கள் அழகாகச் செய்ய ஆசைப்பட்டுக் குழப்பம் இல்லாமல் செய்துவிடுவார்கள். அகப்படுவதும் அங்கேதான்.

அவருக்கு உலகத்தில் ஆகாத ஒன்று, காசைத் தேய்த்து மினுக்குவது. ஒருமுறை நல்ல கோட் போட்ட கனவான் ஒருவர், தகப்பன் விட்டுப்போன டொலரை வெள்ளித் தைலம் போட்டுப் பளபளவென்று தேய்த்துக் கொண்டுவந்தார். மிஸ்டர் பார்கின் அதைத் தொடவே இல்லை. "ஐயா, கரண்டிகள் இரண்டாம் மாடியில்" என்றார். வெள்ளியில் படிகிற கறுப்பு அழுக்கு அல்ல, அது காசின் வயது, அதைத் தேய்க்கிறவன் சாட்சியைக் கொல்லுகிறான் என்பது அவருடைய கட்சி. அந்தக் கனவான் போன பிறகும் மத்தியானம் வரை அவர் முகம் சரியாகவில்லை.

குத்து விசயத்துக்கு வருகிறேன். இந்த டொலர் கிழக்கே வந்ததும் சந்தையில் அதைச் சோதிக்கிறவர்கள் இருந்தார்கள். தமிழில் நோட்டக்காரர் என்பார்கள். சீனாவின் கன்ரன் துறைமுகத்தில் இருந்த நோட்டக்காரர் காசை விரலில் நிறுத்தித் தட்டிக் கேட்டு, நல்லதென்றால் தன் முத்திரையைச் சிறு உளியால் அதில் குத்துவார். "நான் பார்த்தேன், நல்ல காசு, பிழையென்றால் என்னிடம் வா" என்று அதற்கு அர்த்தம். ஒரு சீன எழுத்து, ஒரு பூ, ஒரு மீன், ஒரு பிறை. இந்தியக் கரையிலும் அப்படித்தான். சில டொலர்களில் ராஜாவின் முகமே தெரியாத அளவுக்குக் குத்துகள். சந்தேகம் என்றால் உளியால் ஒரே வெட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவார்கள்.

லண்டனில் இதையெல்லாம் பழுது என்றார்கள். எங்கள் நிறுவனத்தின் இயக்குநர் ஒருவர், குடும்பத்தால் அந்தக் கதிரைக்கு வந்தவர், விலைப் பட்டியலில் 'பழுதடைந்தது' என்று போடச் சொன்னார். மிஸ்டர் பார்கின் 'சோதிக்கப்பட்டது' என்று போட்டார். அவர் அடித்து மாற்ற, இவர் திரும்ப அடித்து மாற்ற, ஒரு கோடை முழுக்க இது நடந்தது. கடைசியில் இயக்குநர் மேசைக்கே வந்து, "யாரோ ஒரு சந்தைக்காரன் உளியால் அடித்ததை நான் எப்படி நல்லதென்று விற்பது?" என்றார். "இந்த அறையில் நான் செய்கிற வேலையைத்தான் அந்தச் சந்தைக்காரனும் செய்தான். என்னைவிட நன்றாகவும் செய்தான்" என்றார் மிஸ்டர் பார்கின். குரலை உயர்த்தவில்லை. இயக்குநர் போய்விட்டார். அன்றைக்கு முதல் அந்த மனிதர்மேல் எனக்கு ஒரு மதிப்பு வந்தது. எனக்கு அப்படி லேசில் வராது.

இனி மெற்றில்டாவின் மாலை.

தொண்ணூறுகளின் முற்பகுதி. நான் ஸ்ட்ரெதமில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் இருந்தேன். மேல் அறையில் மெற்றில்டா இருந்தாள். மன்னார்க் கத்தோலிக்கப் பெண். சண்டையில் ஊர் பெயர்ந்து, படகில் ராமேஸ்வரம் போய், மண்டபம் அகதி முகாமில் கிடந்து, அங்கேயே கணவனைக் காய்ச்சலுக்குக் கொடுத்துவிட்டு லண்டன் வந்தவள். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். அதிகம் கதைக்கமாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு துணிமுடிச்சோடு கீழே வந்தாள்.

"பரமேஸ் அக்கா, உங்கட கந்தோரில பழைய காசு பாக்கிறவை எல்லே. இதை ஒருக்காப் பாப்பினமோ?"

முடிச்சை அவிழ்த்தேன். பன்னிரண்டு ஸ்பானிய டொலர்கள். ஒவ்வொன்றின் தலையிலும் கோர்க்க ஒரு வெள்ளி வளையம். எல்லாம் கண்ணாடி மாதிரி மினுங்கின. 

"உதை ஆர் தேய்ச்சது?"

"நான்தான். ஒவ்வொரு வருசமும் மாதா திருநாளுக்கு முதல் தேய்க்கிறது. புளியும் சாம்பலும். மாமியும் அப்பிடித்தான், மாமியின்ர மாமியும் அப்பிடித்தான்."

"உங்கட மாமியின்ர மாமி என்ர கையில அகப்பட்டிருக்கோணும்."

"ஏன் அக்கா, மாதாவின்ர கழுத்தில கறுத்த காசைப் போடுறதே?"



விசயம் இதுதான். அவளுடைய கணவரின் குடும்பம் முன்பு மன்னாரில் முத்துக்குளிப்புப் படகுகள் வைத்திருந்தது. முத்து வாங்க இந்தியக் கரையிலிருந்தும் அரபு நாட்டிலிருந்தும் வந்த வியாபாரிகள் கொடுத்த காசில், ஒவ்வொரு நல்ல குளிப்புக்குப் பிறகும் ஒரு வெள்ளி டொலரை மாதாவுக்கு நேர்ந்து மாலையில் கோர்த்தார்கள். மாலை கடைசி மகனின் மனைவியிடம் இருக்கும். திருநாளன்று மாதாவின் கழுத்துக்குப் போகும். மெற்றில்டா அதைப் பாவாடை மடிப்புக்குள் வைத்துத் தைத்து, கடல் கடந்து, முகாம் கடந்து கொண்டுவந்திருந்தாள். லண்டனில் அவர்களுடைய தமிழ்ப் பங்குக் கோயிலில் முதல் தடவையாக மாதா திருநாளுக்கு அதைப் போடுவதாக இருந்தது.

கணவரின் தமையன் அந்தோனிப்பிள்ளை எண்பதுகளிலேயே லண்டன் வந்து பெற்றோல் நிலையம் வைத்திருந்தவர். திருநாள் குழுத் தலைவர். மாலையின் கொக்கி விட்டுப்போயிருக்கிறது என்று ஈஸ்ட் ஹாமில் ஒரு நகைக்கடைக்குக் கொண்டுபோனார். காலங்காலமாகக் கழற்றாமல் இருந்த மாலையை அங்கே கழற்றினார்கள். கடைக்காரர் எல்லாக் காசையும் உரைகல்லில் உரைத்துப் பார்த்தார். பதினொன்று வெள்ளி. ஒன்று செம்பு.

"முகாமில நல்ல காசை வித்துத் திண்டுபோட்டுக் கள்ளக் காசைக் கோத்தவள் எண்டு சனத்துக்கு முன்னால சொல்லிப்போட்டார் அக்கா. மாலையைக் கோயிலுக்குக் கொண்டுவர வேண்டாமாம். நானும் வர வேண்டாமாம்." அழவில்லை. வளையத்தை விரலால் தடவிக்கொண்டு சொன்னாள். "குரோய்டன் குடிவரவுக் கந்தோரில அகதி எண்டு பதிஞ்ச அந்த வெள்ளைக்காரன் நான் சொன்னதை நம்பினவன். அத்தான் நம்பேல்லை."

அடுத்த நாள் காசுகளை மிஸ்டர் பார்கின் முன்னால் வைத்தேன். எலுமிச்சங்காயைக் கடித்தவர் மாதிரி அவர் முகம் சுருங்கியது.

"இந்தக் கொலையை யார் செய்தது?"

"நாலைந்து தலைமுறைப் பெண்கள். புளி போட்டு."

முழுக் கதையையும் சொன்னேன். அவர் ஒவ்வொன்றாக எடுத்து, முகத்தை மறைத்து, விளிம்பைச் சுற்றினார். ஒரு காசில் நிறுத்தினார். ராஜாவின் உச்சியிலிருந்து காது வரை ஆழமான உளிவெட்டு ஒன்று அதில் இருந்தது.

"இது கள்ளக் காசு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. "அவள் கள்ளி இல்லை" என்றேன்.

"காசு கள்ளம் என்றுதான் சொன்னேன், மிஸஸ் நாதன். பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் சொல்லவில்லை. அவை இரண்டு வேறு கேள்விகள்."

இந்த ஒரு வாக்கியத்துக்காக அந்த மனிதரை நான் சாகும்வரை மறக்கமாட்டேன். எங்கள் சனத்தில் ஒருவருக்கும் அந்த இரண்டு கேள்வியையும் பிரிக்கத் தோன்றவில்லை. எனக்கும்தான்.

விற்பனைக்கு வராத பொருளுக்கு நிறுவன நேரத்தைச் செலவழிக்கக் கூடாது என்று இயக்குநர் சொல்லியனுப்பினார். "மத்தியானச் சாப்பாட்டு நேரம் என்னுடையது" என்று பதில் போனது. அந்தக் கிழமை முழுக்க அவர் ஒரு கையில் சாண்ட்விச்சும் மறுகையில் உருப்பெருக்கியுமாக இருந்தார். வெட்டுக்குள் இருந்ததை ஊசியால் தொடவில்லை. உலோகம் வெள்ளியைக் கீறும். அதனால் காய்ந்த முட்செடி முள்ளால் மெதுவாக நெம்பினார். பழுப்பு நிறத்தில் ஒரு துணுக்கு வந்தது. என்னிடம் காட்டினார். புளித் தும்பு. அதற்குக் கீழே மெழுகு. அதற்கும் கீழே மறுபடி தும்பு, திருநாளுக்குத் திருநாள் படிந்த அடுக்குகள்.

"மாலையை எப்படித் தேய்ப்பார்கள் என்று கேட்டு வாருங்கள்."

மெற்றில்டா செய்து காட்டினாள். கழற்றக் கூடாது, நேர்த்தி. கோர்த்தபடியே துணியில் நீட்டிவைத்து, சாம்பலும் புளியும் போட்டு, ஒரு நுனியிலிருந்து மறுநுனிவரை இழுத்து இழுத்துத் தேய்ப்பது. அதைப் போய்ச் சொன்னேன். மிஸ்டர் பார்கின் உருப்பெருக்கியை மூடி வைத்தார். பிறகு, "ஞாயிற்றுக்கிழமை எத்தனை மணிக்குப் பூசை முடியும்?" என்றார்.

அந்த ஞாயிறு அவர் பஸ்ஸில் ஸ்ட்ரெதம் வந்தார், தராசை ஒரு பிஸ்கற் ரின்னுக்குள் வைத்துக்கொண்டு. பங்கு மண்டபத்தில் சனம் ரோல்ஸும் தேநீருமாக நின்றது. அந்தோனிப்பிள்ளை கோட், கழுத்துப்பட்டி, தங்க மணிக்கூட்டோடு முன்னால் வந்தார். என்னைப் பார்த்து, "எங்கட குடும்ப விசயத்தில உங்களுக்கு என்ன வேலை?" என்றார்.

"தராசு பிடிக்கிற வேலை. விலத்துங்கோ."

மேசையில் பச்சைத் துணியை விரித்தோம். காசை ஒவ்வொன்றாக நூலில் கட்டித் தண்ணீரில் இறக்கினேன். வெட்டு விழுந்த காசு வந்தபோது முள் நின்ற இடத்தை எல்லாரும் பார்த்தார்கள். "செம்பு. வெளியே மட்டும் வெள்ளி" என்று மிஸ்டர் பார்கின் சொல்ல, நான் தமிழில் சொன்னேன்.

"பாத்தியளே! கேட்டியளே! வெள்ளைக்காரனே சொல்லுறான்!" என்று அந்தோனிப்பிள்ளை சனத்தைத் திரும்பிப் பார்த்தார். மெற்றில்டா கதிரையில் இருந்துவிட்டாள். எனக்கு மிஸ்டர் பார்கினைப் பிடித்து உலுப்ப வேண்டும்போல் இருந்தது. ஏனென்றால் என்ன கண்டுபிடித்தார் என்று அவர் எனக்கும் சொல்லியிருக்கவில்லை.

அவர் காசுகளைக் கலைத்துப் போட்டார். பிறகு கண்ணை மூடிக்கொண்டு, இரண்டிரண்டு காசாக எடுத்து விளிம்போடு விளிம்பு பொருத்தித் தடவிப் பார்த்து, ஒரு வரிசையில் அடுக்கினார். அடுக்கி முடித்து, அந்தோனிப்பிள்ளையைக் காட்டி, "இந்த ஐயாவுக்கு மாலையின் வரிசை தெரியுமா?" என்றார்.

"தெரியுமோவோ? சின்னனில பாட்டு மாதிரிச் சொன்னனாங்கள்" என்றார் அவர். கையை நீட்டி எண்ணத் தொடங்கினார். "முதலாவது பூக்குத்து. ரெண்டாவது மீன்குத்து. மூண்டாவது ரெட்டைப் பிறை. நாலாவது சீனன்குத்து. இது நாலும் பூட்டனாற்ற தேப்பன் போட்டது. அஞ்சாவதிலயிருந்து எங்கட பூட்டனார், சவிரிமுத்துச் சம்மாட்டியார். அந்தக் கரையிலயே கனக்கப் படகு வைச்சிருந்த ஆள். அஞ்சாவது வெட்டுக்கா..."

நின்றுவிட்டார்.

மேசையில் பூ, மீன், பிறை, சீன எழுத்து என்று அவர் சொன்ன அதே வரிசை. ஐந்தாவது இடத்தில் வெட்டுக்காசு.

"வெட்டு ஆரும் வெட்டலாம்" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பழைய காசை வித்துப்போட்டு, வேற ஒண்டில அதே மாதிரி வெட்டியிருக்கலாம்."

நான் மொழிபெயர்த்தேன். மிஸ்டர் பார்கின் தலையை ஆட்டினார், நியாயமான கேள்வி என்கிற மாதிரி. அந்தோனிப்பிள்ளையின் கையைப் பிடித்து, நாலாவது காசும் ஐந்தாவது காசும் தொடுகிற இடத்தில் விரலை வைத்தார். "கண்ணை மூடுங்கள்."

தலைமுறை தலைமுறையாகக் கோர்வையோடு இழுத்துத் தேய்த்ததில் ஒவ்வொரு காசும் பக்கத்துக் காசை அரைத்திருந்தது. ஒன்று பள்ளமான இடத்தில் மற்றது மேடு. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் மாதிரி. ஐந்தாவது காசின் இடப்பக்கம் நாலாவதோடு பொருந்தியது, வலப்பக்கம் ஆறாவதோடு பொருந்தியது. வேறு எதனோடும் பொருந்தவில்லை. "இதைப் பத்து வருடத்தில் செய்ய முடியாது. நூறு வருடம் தேய்க்க வேண்டும்" என்றார் மிஸ்டர் பார்கின். "இன்னொன்று. வளையத்தை ஒட்ட உருக்கி ஊற்றிய பற்றாசு வெட்டுக்குள் ஓடி இறுகியிருக்கிறது. அப்படியென்றால் முதலில் வெட்டு, பிறகுதான் வளையம். மாலையில் கோர்த்த அன்றைக்கே இது வெட்டுப்பட்ட கள்ளக் காசு. வெட்டுக்குள் செம்பு தெரிந்திருக்கும்."

நான் இதைத் தமிழில் சொல்லி முடித்தேன். பின்னால் கதிரையில் இருந்த ஒரு கிழவர் எழும்பினார்.

"அப்ப அந்தோனி, உங்கட சம்மாட்டியார் மாதாவுக்கே செல்லாக்காசு குடுத்திருக்கிறார்!"

சிரிப்பு வெடித்தது. ஒருவர் ரோல்ஸ் புரைக்கேறி இருமினார். "எட வாயை மூடும் காணும்!" என்று அந்தோனிப்பிள்ளை கத்தினார். ஆனால் அவருடைய விரல் இன்னும் அந்த இரண்டு காசுகளுக்கு நடுவில்தான் இருந்தது.

என்ன சிரிப்பு என்று மிஸ்டர் பார்கின் கேட்டார். சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "எனக்கு அந்த மனிதரைத் தெரியாது. ஆனால் காசைத் தெரியும். இந்தக் கள்ளக் காசுகளை இங்கிலாந்துப் பட்டறைகளிலேயே அடித்துக் கிழக்கே அனுப்பினார்கள். யாரோ ஒரு வியாபாரி இதைக் கொடுத்து அவரிடம் முத்து வாங்கியிருக்கிறான். பிறகு ஒரு நோட்டக்காரர் இதை வெட்டிப் பார்த்து, உண்மையைச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருக்கிறார். வியாபாரி அதற்குள் கப்பலேறியிருப்பான். இவர் இதை இன்னொருவன் தலையில் கட்டியிருக்கலாம். கட்டவில்லை."

எனக்குச் சம்மாட்டியார்மேல் அவ்வளவு இரக்கம் வரவில்லை. கோயிலுக்குச் செல்லாக்காசு போட்டவர் போட்டவர்தான். ஆனால் அடித்தவன், கொடுத்தவன் எல்லாம் தப்பிவிட, கடைசியில் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்துப் பெண் ஒருத்தியின் தலையில் வந்து விடிந்ததே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. அந்தோனிப்பிள்ளையிடம் கேட்டேன்: "இப்ப இவளிட்ட என்ன சொல்லப்போறியள்?"

 அவர் காசுகளிலிருந்து விரலை எடுத்தார். "அந்தக் காசைக் கழற்றிப்போட்டு நான் ஒரு நல்லதை வாங்கிக் கோக்கிறன்" என்றார். அவர் வாயில் வந்த மன்னிப்பு அவ்வளவுதான்.

மெற்றில்டா எழும்பி வந்தாள்.

"கழற்ற ஏலாது அத்தான்."

"கள்ளக் காசு, பிள்ளை."

"மாதாவுக்கு அது தெரியாமலோ இருந்தது? இவ்வளவு காலமும் கழுத்தில போட்டிருந்தவ. நீங்கள் ஆர் கழற்ற?"

அந்தத் திருநாளில் பன்னிரண்டு காசும் மாதாவின் கழுத்தில் இருந்தன. நான் சைவக்காரி, பூசை எனக்கு விளங்காது. ஆனாலும் போய்ப் பின்வரிசையில் நின்றேன்.

குத்து விழுந்த காசைப் பழுதென்று ஏன் எழுதினீர்கள் என்று கேட்ட பிள்ளைகளுக்கு இதுதான் என் பதில். பெயர் தெரியாத யாரோ ஒரு நோட்டக்காரர், எவனுடைய முகத்தையும் பார்க்காமல், கையில் இருந்ததைச் சோதித்து, கண்டதை அதிலேயே எழுதிவிட்டுப் போனார். அது அழியாமல் இருந்தது.

ஒன்று மிச்சம் இருக்கிறது. அடுத்த வருடம் திருநாளுக்கு முந்திய சனிக்கிழமை மண்டபத்தில் மாலை தேய்க்கிறார்கள் என்று மெற்றில்டா எங்கள் இரண்டு பேரையும் கூப்பிட்டாள். போனால், பெண்கள் நடுவில் அந்தோனிப்பிள்ளை இருக்கிறார். கோட்டைக் கழற்றி, சட்டைக் கையை மடித்து, முழங்கை வரை சாம்பல். அந்தக் குடும்பத்து ஆண்கள் ஒருவரும் அதுவரை மாலை தேய்த்ததில்லையாம். ஐந்தாவது காசைப் புளி போட்டு உரஞ்சிக்கொண்டிருந்தார். அதில் மிச்சமிருந்த கொஞ்ச வெள்ளியும் போகிற மாதிரி.

"நிப்பாட்டுங்கோ! செம்பெல்லாம் வெளியில வரப்போகுது!" என்று கத்தினேன்.

"மிஸஸ் நாதன்" என்றார் மிஸ்டர் பார்கின், "தேய்க்கட்டும்."

காசைத் தேய்த்தவனைக் கரண்டிகள் இருந்த மாடிக்கு அனுப்பிய மனிதர் இவர். திரும்பி அவருடைய முகத்தைப் பார்த்தேன். பகிடி இல்லை. கதிரையை இழுத்து அந்தோனிப்பிள்ளைக்கு எதிரே இருந்தார். அவர் தேய்த்து முடித்துத் துணியால் துடைத்ததும், ஐந்தாவது காசை இரண்டு விரலால் பிடித்து விளிம்பை வெளிச்சத்தில் ஒரு சுற்றுப் பார்த்தார். மாலையை மெதுவாக இழுத்து, ஆறாவது காசை அந்தோனிப்பிள்ளை பக்கம் தள்ளினார்.